சிங்கப்பூரிலிருந்து வந்த நீலப் பிளானல்

"அக்கா, பிளானல் துணியப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அப்ப எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்று கயல்விழி போனில் கேட்டாள். நான் வேலை பார்த்த தாலுகா ஆஸ்பத்திரியின் குழந்தை வார்டில் இப்போது இருக்கும் செவிலியர் அவள். செவிலியர் தினத்துக்கு மலர் போடுகிறார்களாம். வார்டுக்கு ஜிப் வைத்த பிளானல் படுக்கைகள் வந்திருக்கின்றன, கொசுவலை அதிலேயே தைத்திருக்கிறது, மேலே யானைக்குட்டி படம் போட்டிருக்கிறது என்று ஒரே சந்தோஷம் அவளுக்கு.

ஜாலியாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பிளானல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்யும். மற்றவர்கள் கன்னத்தில் வைத்து "அட, என்ன மெத்து" என்கிற துணியை நான் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கன்னத்துக்குக் கொண்டுபோவேன். வார்டில் எனக்கு "மோப்ப சிஸ்டர்" என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். வீட்டிலிருந்து வருகிற எந்தத் துணியும் என் மூக்கைத் தாண்டாமல் குழந்தையிடம் போனதில்லை. இத்தனைக்கும் இன்று அந்த மூக்கு உருப்படியாக இல்லை. கொரோனா வந்து போனதிலிருந்து ரசம் கொதிக்கிறதா அடிப்பிடிக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

தஞ்சாவூரில் படித்தேன், ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொஞ்ச காலம் அலைந்தேன், கல்யாணம் ஆயிற்று, நன்னிலம் பக்கம் மாற்றல் கிடைத்தது. அதுவரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது புஷ்பம் சிஸ்டரிடம் வந்த பிறகுதான்.

புஷ்பம் சிஸ்டர் வார்டின் தலைமைச் செவிலியர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும், என்ன சொல்கிறார் என்று நாம் கிட்டே போய்க் குனிந்து கேட்க வேண்டும். அப்படிக் குனிந்து கேட்பது திட்டு வாங்குவதைவிட மோசம். காலையில் வந்தவுடன் யாரிடமும் பேச மாட்டார். ஒவ்வொரு தொட்டிலாகப் போய்ப் புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைப்பார், பிறகு பாதத்தில் வைப்பார். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் அடுத்த தொட்டில். பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். போதும்.

பிளானல் விஷயத்தில் அவருக்கு ஒரு வேதமே இருந்தது. அப்போது ஸ்டோரிலிருந்து சுருட்டாகத் துணி வரும். நாங்களே வெட்டி ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு நூல் தொங்கக் கூடாது. அந்த நூல் பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் விரல் கறுத்துப் போகும், குழந்தை அழுதுகொண்டே இருக்கும், நாம் பசி என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிறந்த குழந்தையைத் துடைக்க ஒரு துணி, சுற்ற வேறு துணி. துடைத்த துணியிலேயே சுற்றினால் தலை ஈரத்தில் குளிர்ந்துவிடும். தொட்டில் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றிய தகரக் கிண்ணம், எறும்பு ஏறாமலிருக்க. ஐப்பசி கார்த்திகையில் துணி காயாது. வராந்தா முழுக்கக் கொடி கட்டி, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, கையில் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். "கையை நம்பாதே, கன்னத்துல வை" என்பார். கன்னத்தில் வைத்தால் ஈரம் தெரிந்துவிடும்.

சேர்ந்த புதிதில், எடை குறைந்த ஒரு குழந்தையைத் தூக்கவே பயந்து நின்றேன். புஷ்பம் சிஸ்டர் கிட்டே வந்தார். "பயமா இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "இருக்கட்டும். அது போயிடக் கூடாது. கை மட்டும் நடுங்காம பாத்துக்க" என்றார். இன்றுவரை அந்த இரண்டில் முதலாவதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டேன்.

செல்வி வந்தது ஒரு அடைமழை வாரத்தில். நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. அம்மா இல்லாத பெண், கூட வந்தது அக்கா மல்லிகா. மல்லிகாவுக்குக் குழந்தை இல்லை. தங்கையின் பிரசவம்தான் அவளுக்குத் தன் பிரசவம் மாதிரி. வெந்நீர் வேண்டுமா, பிளாஸ்க் வேண்டுமா என்று கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள்.

பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. ஆண் குழந்தை, நல்ல எடை. ஆனால் செல்வி சிரிக்கவில்லை. குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மஞ்சளா இருக்கா சிஸ்டர்?"

"இப்பதானேம்மா பொறந்திருக்கு, ரோஸா இருக்கு" என்றேன்.

"மொதப் புள்ளயும் இப்படித்தான் ரோஸா இருந்துச்சு."

மல்லிகாதான் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். முதல் பிரசவம் வீட்டில். பையன். சில நாளில் மஞ்சள் பூத்தது. தோஷம் என்று மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு வில் மாதிரி பின்னால் வளைந்தது. வண்டி பிடித்து ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. "இந்தப் புள்ளயயும் வுட்டா அவ இருக்க மாட்டா சிஸ்டர். சொல்லிட்டா" என்றாள் மல்லிகா. 

அன்று மதியம் மல்லிகா ஊருக்குப் போய் ஒரு துணி மூட்டையோடு திரும்பினாள். பழைய வேட்டித் துணி கொஞ்சம், அதற்கு மேலே சிங்கப்பூர் பிளானல். செல்வியின் வீட்டுக்காரர் முதல் பிள்ளை உண்டானபோதே அனுப்பிய கட்டு அது. எங்கள் ஸ்டோர் பிளானலைப் பார்த்த கண்ணுக்கு அது வேறு உலகம். முயல்குட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒன்று வெளிர் மஞ்சள், வாத்துப் படம் போட்டது. ஒன்று இளநீலம்.

புஷ்பம் சிஸ்டர் மஞ்சளைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். மஞ்சள் துணியில் படுத்திருக்கும் குழந்தையின் உடம்பில் மஞ்சள் நோய் கண்ணுக்குத் தெரியாது, துணியின் நிறம் தோலில் அடிக்கும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான். "நீலத்தைப் போடும்மா, அது நல்லா இருக்கு" என்றார். மல்லிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மடிப்புக் கலையாத அந்த நீலத்தை உதறி விரித்தாள். அடைமழையில் துவைத்தால் காயாது, துவைத்தால் மெத்தும் போய்விடும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே விரித்தார்கள்.

அதில் வாடை இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. எல்லாருக்கும் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது நல்ல துணியின் வாசனை. கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது போடுகிற சட்டை, எல்லாம் அந்த வாடையோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். ஈரம் சொட்டுகிற ஊரில் வெளிநாட்டுத் துணியைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்துருண்டையைத் தவிர வேறென்ன வழி? அதை யாரும் வாடை என்று நினைத்ததில்லை.

மஞ்சள் இரண்டாவது நாளே வந்துவிட்டது. மழை இருட்டில் வார்டுக்குள் நிறம் தெரியாது. புஷ்பம் சிஸ்டர் குழந்தையை ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்கு நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் எடுத்த இடம் வெள்ளையாகத் தெரிய வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தது. நெஞ்சை அழுத்தினார், அங்கேயும் மஞ்சள். செல்வி கட்டிலிலிருந்து எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ குழந்தைக்கு மஞ்சள் வரும், போகும். இது போகிற மஞ்சளாக இல்லை.

குழந்தை டாக்டர் வந்து பார்த்தார். சின்ன வயது, பொறுப்பானவர். விளக்கு வைக்கச் சொன்னார். குழல்விளக்குகளை ஒரு சட்டத்தில் வரிசையாக மாட்டியிருப்போம், அதற்குக் கீழே குழந்தையைத் துணியில்லாமல், கண்ணை மட்டும் கட்டிப் படுக்க வைப்போம். அந்த வெளிச்சம் மஞ்சளைக் குறைக்கும். குறையவும் செய்தது. மஞ்சள் முகத்திலிருந்து கீழே இறங்க இறங்கத்தான் ஆபத்து; பாதம் வரை வந்திருந்தது தொடையோடு நின்றது. செல்வி அன்று கொஞ்சம் சாப்பிட்டாள்.

பிறகு கரண்ட் போயிற்று. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. ஜெனரேட்டர் ஆப்பரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். விளக்கில்லாமல் குழந்தையை வெற்றுடம்பாக வைக்க முடியாது, குளிர்ந்துவிடும். அம்மாவிடம் கொடுத்தோம். மல்லிகா நீலத் துணியில் பொதிந்து தங்கையின் அணைப்பில் வைத்தாள். நாங்கள் சொல்லியும் கேட்காமல், காய்ந்த தோலைப் பார்க்கப் பொறுக்காமல், உடம்பெல்லாம் எண்ணெய் தடவிவிட்டிருந்தாள்.

கரண்ட் வந்து பார்த்தால் மஞ்சள் உள்ளங்காலில் நிற்கிறது. மறுபடி விளக்கு, மறுபடி கொஞ்சம் குறைவு. மறுபடி கரண்ட் போக, மறுபடி அம்மா மடி, மறுபடி ஏற்றம். கரண்ட் இல்லாததால்தான் ஏறுகிறது என்று எல்லாருமே நினைத்தோம். யார்தான் நினைக்க மாட்டார்கள்? மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு கிடந்தோம். ஆனால் ஒரு காலை நான் இடுப்புத் துணி மாற்றும்போது அது மூத்திரத்தில் நனைந்திருந்த நிறத்தைப் பார்த்தேன். நாவற்பழத்தை நசுக்கிய மாதிரி இருந்தது. குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. பால் குடிக்க எழுப்பினால் எழவில்லை. செல்வி பார்க்காதபடி அந்தத் துணியைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு புஷ்பம் சிஸ்டரிடம் ஓடினேன்.

சிஸ்டர் அதைப் பார்த்தார். நேராக டாக்டரிடம் எடுத்துப் போனார்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. "ரத்தம் உள்ளுக்குள்ள உடையுது" என்றார். என்ன கொடுத்தீர்கள், நாட்டு மருந்து, கஷாயம், உரை மருந்து என்று மல்லிகாவைத் துருவித் துருவிக் கேட்டார். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். அது உண்மையும்தான். உள்ளே போனதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டோம். எதன் மேல் படுத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு டிரங்கால் போட்டுத் தன் பழைய புரொபசரைப் பிடித்தார். லைன் கரகரவென்று இருந்தது. டாக்டர் காதோடு ரிசீவரை அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர், திரும்பி எங்களைப் பார்த்தார்.

"குழந்தை துணி எந்தப் பெட்டியில இருந்துச்சு? அந்துருண்டை போட்டிருந்தாங்களா?"

நானும் புஷ்பம் சிஸ்டரும் வார்டுக்கு ஓடினோம். நீலத் துணி தொட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதை எடுத்து மூக்கில் வைத்தார். எடுத்து என்னிடம் நீட்டினார். இழுத்து மோந்தேன். மூச்சடைத்தது. எங்கள் சின்னம்மா கல்யாணத்தின் வாசனை. ஒரு வாரமாக அந்தக் குழந்தை அதற்குள்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊறிய தோல் அதை இன்னும் உள்ளே இழுக்கும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் ஒரு சத்து பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். மற்ற குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாத அந்துருண்டை அவர்களுக்கு விஷம். டாக்டர் இதைச் செல்வியிடம் மெதுவாக, புரியும்படி சொன்னார். அவளுக்கு அன்று காலையிலிருந்து நல்ல காய்ச்சல். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் அவள் அக்காவைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள்.

"மொதப் புள்ளைக்கும் இந்தக் கட்டுலேர்ந்துதான் துணி எடுத்தோம் சிஸ்டர்."

மல்லிகா சுவரோடு சுவராக நின்றாள். புஷ்பம் சிஸ்டர் போய்ச் செல்வியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இத மொதல்ல காப்பாத்துவோம். அழுவறத அப்புறம் அழுவலாம்" என்றார். நான் கிட்டே இருந்ததால்தான் எனக்குக் கேட்டது.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ரத்தத்தையே மாற்ற வேண்டும். தொப்புள் வழியாகக் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஏற்றி, அப்படியே முழுதும். எங்களிடம் அந்த வசதி கிடையாது. ஆஸ்பத்திரி ஜீப் இருந்தது. டிரைவர் காதர் பாய் தயாராக இருந்தார். ஆனால் குழந்தையை எதில் சுற்றுவது? வெளியே கொட்டுகிறது. கொடியில் தொங்கிய ஸ்டோர் பிளானல் ஒவ்வொன்றையும் சிஸ்டர் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் ஈரம். தியேட்டரில் கிருமி போக வேகவைத்த துண்டு இரண்டு காய்ந்திருந்தது, ஆனால் அது மெல்லிசு. அந்த வார்டில் கனமாக, கதகதப்பாக, காய்ந்து இருந்த ஒரே துணி அந்தச் சிங்கப்பூர் நீலம்தான்.

சிஸ்டர் குழந்தையை வெந்நீரும் சோப்பும் வைத்து எண்ணெய் போகத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ காய்ச்சல்ல கெடக்கறா. அக்கா கட்டியிருக்க சேலையும் அந்தப் பெட்டிச் சேலைதான். நீ வெச்சுக்க. உடம்போட வெச்சுக்க. நெஞ்சுல" என்றார்.

இன்றைக்கு இதைச் செய்வதற்குத் தனி நாற்காலி இருக்கிறது, சுவரில் படம் ஒட்டியிருக்கிறது, கங்காரு முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்கிரீனுக்குப் பின்னால் போய் ரவிக்கையைத் தளர்த்தினேன். சிஸ்டர் குழந்தையை என் நெஞ்சில் தவளை மாதிரி ஒட்ட வைத்து, துண்டுகளைப் போட்டு, என் சேலையாலேயே இறுகக் கட்டினார். என் பெயரைச் சொல்லி, "கை" என்றார். பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. சேலைக்குள் கையை நுழைத்துக் குழந்தையின் முதுகில் வைத்ததும் நின்றுவிட்டது.

மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் சேலை என்மேல் படக் கூடாதென்று ஜீப் கதவோரம் ஒடுங்கிக்கொண்டாள். திருவாரூர் தாண்டும்வரை ரோடு தெரிந்தது. கொரடாச்சேரிப் பக்கம் வயலும் ரோடும் ஒரே தண்ணீர். காதர் பாய் புளியமரங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினார். நான் என் உள்ளங்கையில் குழந்தையின் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும், இறங்கும். இறங்கியது மறுபடி ஏறும்வரை நான் மூச்சு விடவில்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தஞ்சாவூர் ரோட்டில் போனவர்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டி என்ஜின் மாற்றுகிறது. போகும், நிற்கும், பின்னால் வரும். காதர் பாய் இறங்கி மழையில் ஓடிப்போய்க் கேட்காரரிடம் கெஞ்சினார். அவர் என்ன செய்வார், பாவம். தண்டவாளத்தில் வண்டி நிற்கிறது.

அப்போதுதான் மல்லிகா பேசினாள்.

"மொதல்லேர்ந்தே உருண்டையப் போட்டது நான்தான் சிஸ்டர். மொதப் புள்ள போனப்பறம் துணியெல்லாம் திரும்ப அடுக்கும்போது, அடுத்த புள்ளைக்கு ஆவும்னு, ஒண்ணுக்கு நாலா போட்டேன்."

நான் அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் என் கைக்குள் மூச்சு ஏறவில்லை. முதுகைத் தடவினேன். இல்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். அடுத்த நொடி ஒரு விக்கல் மாதிரி வந்து மூச்சு ஏறியது. "பேசாம இரு மல்லிகா" என்றுதான் என் வாயில் வந்தது. அவள் பேசாமல் இருந்தாள். தஞ்சாவூர் வரைக்கும், அதற்குப் பிறகும்.

தஞ்சாவூரில் தயாராக இருந்தார்கள். சேலையை அவிழ்த்துக் குழந்தையை எடுத்தபோது அந்த நர்ஸ் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா வெதுவெதுப்பா இருக்கே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அழுகை வந்தது. ரத்தம் மாற்றினார்கள். பிழைத்துவிட்டான்.

பிழைத்தது பாதிதான். மஞ்சள் மூளைக்கு ஏறியிருந்தால் காது போகும், கைகால் முறுக்கிக்கொள்ளும். அது உடனே தெரியாது. செல்வி தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் புஷ்பம் சிஸ்டர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் பின்னாலிருந்து கைதட்டுவேன். சில நாள் திரும்பும் மாதிரி இருக்கும், சில நாள் இருக்காது. ஒருநாள் நான் தட்டுவதற்குள் வார்டு ஆயா எவளோ ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை, திட்டுவோம் என்று பயந்து போய் நின்றாள்.

வினோத் என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து வார்டு வாசலில் நான் துணியை மோந்து பார்க்க ஆரம்பித்தேன். வெந்நீரில் துவைத்து வெயிலில் காய்ந்தால் ஒழிய எந்த வீட்டுத் துணியும் உள்ளே வராது. மல்லிகா மட்டும் வார்டுக்குள் வரவே இல்லை. செல்வி அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளை தவழ்ந்து, நடந்து, தானாக அவள் மடியில் வந்து விழும்வரை அவள் அவனைத் தூக்கவில்லையாம். அவன் துணியை இன்றுவரை தொட்டதில்லையாம். ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாளாம்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, கயல்விழிக்கு இதை அனுப்பலாமா, ஜாலியாக வேறு ஏதாவது எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, போன வாரம் ஒரு காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வினோத் இறங்கினான். அவனும் இப்போது வெளிநாட்டில்தான் வேலை, மனைவியின் பிரசவத்துக்காக வந்திருக்கிறான். பெண் குழந்தை. பெண் குழந்தைக்கு அவ்வளவு பயமில்லை, இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் சொன்னாராம். கையில் ஒரு பை. உள்ளே பிளானல், பாப்பாவுக்குப் படுக்கையும் போர்வையும்.

"அம்மா உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க. பெரியம்மா வாங்கினது. அவங்களா கடைக்குப் போயி வாங்கிட்டு வந்திருக்காங்க."

"பெரியம்மா எங்கப்பா?"

அவன் ஆட்டோவைக் காட்டினான். மல்லிகா உள்ளே உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணியை எடுத்து மூக்கில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. இழுத்து மோந்தேன். ஒன்றுமே வரவில்லை. துணி சுத்தமா, என் மூக்கு செத்துவிட்டதா? எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கழித்து அதே பயம். வினோத் என் முகத்தைப் பார்க்கிறான். அவள் அங்கேயிருந்து பார்க்கிறாள். நான் தலையை ஆட்டினால் போதும், நேராகக் குழந்தையின் மேல் போய்விடும்.

"பெரியம்மாவ உள்ள வரச் சொல்லு" என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் துவைத்தோம், வெந்நீரில். மாடியில் நல்ல வெயில். கொடியில் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். அதிகம் பேசவில்லை. செல்விக்கு முழங்கால் வலி, வினோத்துக்குப் புது வீடு, அவ்வளவுதான். வெயில் சாய ஆரம்பித்ததும் நான் எழுந்து துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்."

"எனக்கு மூக்குப் போயிடுச்சு மல்லிகா. கொரோனாவுல. காலையிலேயே எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அவள் எழுந்தாள். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு துணியை வாங்கினாள். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடேயே முகத்தில் புதைத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

"வெயில் வாசனதான் வருது" என்றாள்.

நான் படியிறங்கப் போனேன். அவள் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

"இருங்க சிஸ்டர்" என்றாள். "இன்னொரு வாட்டி பாத்துக்கறேன்."